கோழி வளர்ப்போர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை: பனிக்காலத்தில் முட்டை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உதகையில் நவம்பர் பிறந்தால் முட்டை குறைகிறது என்பதே இந்த ஆண்டும் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது. குளிர்மேல் பழி போடுவது சரியல்ல. இறகு நிறைந்த கோழி, நனையாமல் இருந்தால் நம் உறைபனியைத் தாங்கும். குறைவது வெளிச்சம். டிசம்பரில் இங்கே பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். முட்டைக்கோழிக்கு 14 மணி நேரமாவது வேண்டும். பனிக்குப் பயந்து கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினால் அந்தப் பகலும் உள்ளே வராது. ஈரமும் அமோனியா நெடியும் தங்கிச் சளி பிடிக்கும். படுக்கும் கோழியின் தலைக்குச் சற்று மேல்வரை மறைத்தால் போதும். கூரையை ஒட்டி ஓரடி திறந்தே இருக்கட்டும்.

சிறு கொட்டகைக்கு 5 முதல் 7 வாட் மஞ்சள் எல்இடி விளக்கு ஒன்று போதும். அதை அதிகாலையில்தான் எரிய விட வேண்டும். மாலையில் எரிந்து சட்டென்று அணைந்தால், பரணேறாத கோழிகள் இருட்டில் தரையிலேயே தங்கிவிடும். அக்டோபர் நடுவில் காலை 6 மணிக்குத் தொடங்கி, வாரம் அரை மணி முன்னே நகர்த்தி 4 மணிக்குக் கொண்டுவரவும். மின்தடைக்குப் பின், விளக்கைத் தானே போட்டு அணைக்கும் டைமர் நேரம் தவறினால் கோழி குழம்பி இறகு உதிர்க்கக்கூடும். பேட்டரி உள்ளதையே வாங்குங்கள். 18 வாரம் நிரம்பாத பெட்டைக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டாம். முன்கூட்டி இடத் தொடங்கினால் முட்டை சிறுக்கும், முட்டைக்குழாய் வெளியே தள்ளும். அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழிக்கோ இறகு உதிர்க்கும் கோழிக்கோ விளக்கு பலன் தராது. இறகு பெரும்பாலும் புரதமே என்பதால், உதிர்க்கும் இரண்டு மூன்று மாதமும் தீவனத்தைக் குறைக்கக் கூடாது.

தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம் இருக்கட்டும். நாளொன்றுக்கு ஒரு கோழிக்கு 110 முதல் 120 கிராம் வைக்கவும். குளிர் கூடினால் இன்னும் சற்று. சூடு தரும் என்று மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டால் புரதம் நீர்த்து முட்டை குறையும். மாலையில் 10 கிராம் போதும். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் கிளிஞ்சல் தனிச் சட்டியில்.

ஓடு நீங்கலாக முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். விடியற்காலையில் சில்லிட்ட தண்ணீரைக் கோழி சரியாகக் குடிக்காது. வெதுவெதுப்பாக மாற்றி வையுங்கள். கொட்டகைத் தரையில் மரத்தூள் ஆறு அங்குலம் பரப்பி வாரம் ஒருமுறை கிளறவும். தண்ணீர்ச் சட்டியடியில் கட்டி தட்டியதை உடனே அள்ளிவிடவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டைமர்களைச் சேர்த்து வாங்க, செப்டம்பர் கூட்டத்துக்குள் பெயர் கொடுக்கவும்.