‘பட்’ பண்டிதர்களுக்கு மட்டுமல்ல

ஆசிரியருக்கு,

காஷ்மீர்க் குடிப்பெயர்கள் பற்றிய கட்டுரையில் ‘பட்’ என்பதைப் பண்டிதர் (காஷ்மீர் பிராமணர்) பெயராக மட்டும் குறிப்பிட்டிருந்தீர்கள். பள்ளத்தாக்கில் இன்று அப்பெயர் தாங்குவோரில் முஸ்லிம்களே அதிகம். 14ஆம் நூற்றாண்டு முதல் இஸ்லாத்துக்கு மாறிய பல குடும்பங்கள் ‘க்ராம்’ எனும் குடிப்பெயரைக் கைவிடவில்லை. தர் போன்ற பெயர்களும் அப்படியே.

கற்றவரைக் குறிக்கும் ‘பட்ட’ என்ற வடசொல்லே மூலம். நம் கோயில் பட்டரும் அதே வேர்தான். காஷ்மீரி மொழியில், ஆங்கிலத்தில் ‘bh’ என எழுதும், மூச்சோடு அழுத்தி ஒலிக்கும் ‘ப்⁠ஹ’ ஓசை கிடையாது, வெறும் ‘ப’ (b) தான். பஞ்சாபுக்குக் குடிபெயர்ந்தவர்கள் ‘பட்’ என்பதை ஆங்கிலத்தில் ‘Butt’ என எழுதலாயினர். லாகூர், சியால்கோட் பக்கம் இவ்வடிவம் சாதாரணம். மல்யுத்த வீரர் காமாவும் இக்குடியினரே.

‘Bhat’, ‘Butt’ என ஆங்கிலத்தில் வேறுபடுபவை தமிழில் எல்லாமே ‘பட்’ ஆகிவிடுவதால்தான் குழப்பம். குஜராத், கர்நாடக பட்களுக்கு வேர்ச்சொல் ஒன்றே தவிர, காஷ்மீர் உறவு கிடையாது. இன்னொன்று: க்ராம் வேறு, கோத்திரம் வேறு. பண்டிதர்கள் மணத்துக்குப் பார்ப்பது கோத்திரத்தை. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

– வாசகர்