எக்ஸ்பிளெயின்: மேடுபள்ளம் நிரவிய சொல்

புதுச்சேரி

அன்பு மகளுக்கு,

பில் பற்றி நீ எழுதிய ஆங்கில மெயிலில் 'எக்ஸ்பிளெயின் மீ' ஏன் தப்பு என்று கேட்டிருந்தாய். சொல் பிறந்த கதையைப் பார்த்தால் விதி தானாக விளங்கிவிடும்மா.

லத்தீனில் 'பிளானுஸ்' என்றால் தட்டை, சமம். அதிலிருந்து 'எக்ஸ்பிளானாரே', மேடுபள்ளத்தை நிரவுவது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. நிரவப்படுவது விஷயம். 'எக்ஸ்பிளெயின் மீ' என்றால் என்னையே போட்டு நிரவு என்றாகிவிடும்! அதனால் விஷயத்தை முதலில் வை, ஆளுக்கு முன்னால் 'டு' போடு: 'எக்ஸ்பிளெயின் த பில் டு மீ'. விஷயம் நீண்டால் ஆளை முன்னே கொண்டுவரலாம், 'டு'வை மட்டும் விடாதே: 'எக்ஸ்பிளெயின் டு மீ வொய் த பில் வென்ட் அப்'.

'டெல் மீ', 'ஷோ மீ' சரிதானே என்பாய். அந்த வினைகள் ஆளை நேராகவே ஏற்கும். நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு வம்பு இரட்டிப்பு. 'எக்ஸ்பிளிகே முவா' என்பதில் 'முவா'வே 'எனக்கு' என்று பொருள் தந்துவிடும். தமிழிலும் 'கு' சொல்லோடு ஒட்டியே வரும். ஆங்கிலத்தில்தான் தனியாகப் போடணும்.

பிரெஞ்சுச் சொல்லை இதன் உடன்பிறப்பென்று நினைத்துவிடாதே. அது லத்தீனின் 'எக்ஸ்பிளிகாரே'யிலிருந்து வந்தது, மடிப்பைப் பிரிப்பது. புடவையை உதறி விரிப்பதுபோல. 'காம்ப்ளிகேட்' என்றால் சேர்த்து மடிப்பது, 'எக்ஸ்பிளிசிட்' என்றால் விரித்து வைத்தது. 'எலுசிடேட்' வெளிச்சத்திலிருந்து வந்தது, நம் 'விளக்கு'க்கு அதுதான் பக்கம். ஆனால் பாத்திரம் விளக்குவதும் பல் விளக்குவதும் இதே சொல்தான். கரி போகத் தேய்த்தால் உள்ளே இருப்பது பளிச்சிடும். எனக்கென்னவோ நிரவுவதைவிட இதுதான் பிடிக்கிறது.

ஸ்பெல்லிங்கில் பலர் சறுக்குமிடம் ஒன்று. 'பிளெயின்' என்ற சொல்லின் சாயலில் வினைக்குள் 'ஐ' எழுத்து நுழைந்தது. பெயர்ச்சொல் லத்தீன் உருவிலேயே நின்றுவிட்டதால் 'எக்ஸ்பிளனேஷ'னில் 'எல்'லுக்குப் பின் 'ஏ' மட்டும்தான்.

நம் அரசு அலுவலகங்களில் 'எக்ஸ்பிளனேஷன் கேட்டிருக்காங்க' என்றால் மெமோ வந்துவிட்டது என்று அர்த்தம். மெயிலிலும் 'ஐ வான்ட் அன் எக்ஸ்பிளனேஷன்' என்றால் அதட்டலாகத்தான் கேட்கும். 'குட் யூ எக்ஸ்பிளெயின்' என்று தொடங்கு. 'எக்ஸ்பிளெயின் அவே' வேறு ரகம், சாக்குச் சொல்லி மழுப்புவது. தெரியாமல் சேர்த்துவிடாதே.

திருத்திய மெயிலை அனுப்புமுன் எனக்கு ஒரு தடவை காட்டு.

அப்பா