ஸ்கேன் 'நார்மல்' என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளையைப் படமெடுத்து மனநோய்களை ஆராயும் விஞ்ஞானி ஒருவரின் பணி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். நல்ல கட்டுரை. ஆனால் இதுபோன்ற சிவப்பும் மஞ்சளுமான படங்களைப் பார்த்துவிட்டு, 'எங்க பையனுக்கும் அந்த ஸ்கேன எடுத்துருங்க' என்று கேட்டு வருவோர் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் உண்டு. எடுத்தால் ரிப்போர்ட் பெரும்பாலும் 'நார்மல்' என்றுதான் வரும். கேடு அங்கேதான் தொடங்குகிறது. 'படத்துல ஒண்ணுமே இல்லீங்க, அப்ப இவன் வேணும்னேதான் பண்றானாட்டிருக்குது' என்று வீட்டில் முடிவுகட்டி, மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

அந்தச் சிவப்பு மூளையில் இருக்கும் நிறமல்ல. மூளையில் ஓரிடம் வேலை செய்யும்போது அங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்ஸிஜன் உள்ள ரத்தமும் அதை இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். 1990-இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டிய இந்த வேறுபாடுதான், மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடிப்படை. மாற்றம் நூற்றுக்குச் சில பங்குதான். அதுவும் ஐந்தாறு வினாடி கழித்தே உச்சத்துக்கு வரும். மூளைப் படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து, மாற்றம் ஒரு வரம்பைத் தாண்டிய புள்ளிகளுக்குக் கணினி நிறம் பூசுகிறது. ஒரு லட்சம் புள்ளிகளை, நூற்றுக்கு ஐந்து தவறலாம் என்ற வரம்பில் தனித்தனியே சோதித்தால், எதுவும் நடக்காத மூளையிலும் சுமார் 5,000 புள்ளிகள் தற்செயலாகவே சிவந்துவிடும். 2009-இல் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, இந்தத் தற்செயல் பிழையைக் கழிக்கும் திருத்தக் கணக்குப் போடாவிட்டால் அதன் மூளையும் 'வேலை செய்யும்' என்று காட்டினார்கள். தலை அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் கணக்குக் கெடும். பதற்றத்தில் இருப்பவர் கூடுதலாக அசைவார். அந்த அசைவையே நோயின் அடையாளமாக எடுத்துக்கொண்டுவிடும் ஆபத்தும் உண்டு.

இதனால் ஆய்வே வீண் என்று ஆகாது. பல நாட்டு மூளைப் படங்களைச் சேர்த்து ஆராயும் எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு மனச்சோர்வு உள்ள 1,728 பேரையும் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டு 2015-இல் முடிவு வெளியிட்டது. நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதி, நோயுள்ளவர்களிடம் சராசரியாக 1.24 சதவீதம் சிறியது. உண்மையான, அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் நலமாக இருக்கும் இருவருக்கிடையிலேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் சாதாரணம். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்தால்தான் தெரிகிற ஒன்றை, ஒரே ஒருவரின் ஃபிலிமில் யாராலும் படித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று: ஜி.எச்.சிலும் தனியார் சென்டரிலும் வழக்கமாக எடுப்பது மூளையின் அமைப்பைக் காட்டும் படம், வேலையைக் காட்டும் படமல்ல.

பிறகு மனநல மருத்துவர் ஏன் ஸ்கேன் எழுதுகிறார்? வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகக் காதில் குரல் கேட்பது, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்வது, வாந்தியோடு தலைவலி, சில வாரங்களில் ஞாபகம் மளமளவெனக் குறைவது ஆகியவற்றுக்கு ஸ்கேன் அவசியம். வயதானவர் வழுக்கி விழுந்து, சில வாரம் கழித்துக் குணம் மாறினால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், சி.டி. ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். காய்ச்சலோடு பிதற்றல் என்றால் ஓ.பி. வரிசையில் நிற்காமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

பெரிய காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கு, குறிப்பாக நம் ஊருக்கு, ஒரு எச்சரிக்கை. லேத், கிரைண்டிங், வெல்டிங் பட்டறையில் எப்போதாவது வேலை பார்த்திருந்தால், கேட்காவிட்டாலும் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத்தூளை எடுத்த பிறகும் மிச்சம் தங்கியிருக்கலாம். காந்தம் அதை அசைத்தால் பார்வையே போய்விடலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். தாலிக்கொடியில் தங்கத்தைக் காந்தம் இழுக்காது. அதில் கோத்து வைத்திருக்கும் ஊக்கைப் பிடுங்கி இழுக்கும். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். தாயத்து, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றிவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் கொண்டுவாருங்கள். வழக்கமான மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

நோயைக் கண்டுபிடிப்பது இன்னும் பேச்சில்தான். எத்தனை மணி நேரம் தூக்கம், எப்போதிருந்து சாப்பாடு குறைந்தது, வேலைக்கு எந்த மாதம் நின்றார், முன்பு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு தாளில் எழுதி, பழைய மாத்திரை அட்டைகளோடு வாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனைகள் பலருக்கு ஸ்கேனைவிடப் பயன்படும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால்தான் அளவு சரியாக வரும். எங்கே போவதென்று தெரியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416-க்கு அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வண்ண மூளைப் படம் போடும்போது, அது ஒருவரின் படமா பலரின் சராசரியா, எத்தனை பேரைச் சோதித்தது, வேறொரு குழு செய்தபோதும் அதே முடிவு வந்ததா என்பதைப் படத்துக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மனநலப் பிரிவு, ஸ்கேன் பிரிவு ஊழியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.