தண்ணீர் பட்டு அழிந்துபோன ஓல்ட்ஹாமைட்: விண்கல் துண்டு குறித்த புகார்

அனுப்புநர்
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோவில்பட்டி.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கனிம மாதிரிகள் விற்பனைப் பிரிவு,
சென்னை.

பொருள்: நார்ட்டன் கவுண்டி விண்கல் துண்டு (7.4 கிராம், ரூ. 24,000) – அதிலிருந்த ஓல்ட்ஹாமைட் (கால்சியம் சல்பைடு) கனிமம் அழிந்த நிலையில் வந்தது – முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

நான் பணம் கட்டி வாங்கிய கனிமம், நீங்கள் அனுப்பிய கல்லில் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் குழியும் வெள்ளைப் பொடியும்தான் இருக்கின்றன. இதற்குக் காரணம் உங்கள் பட்டறையில் பயன்படுத்திய தண்ணீர். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். இதே விஷயமாக இரண்டு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். இரண்டுக்கும் "இயற்கைப் பொருள் என்பதால் நிற மாற்றம் குறையாகக் கருதப்படாது, பொதி பிரித்தபின் திரும்பப் பெற இயலாது" என்று ஒரே பதில்தான் வந்தது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நவம்பர் 14ஆம் தேதி பொதி வந்தது. வெளி அட்டைப்பெட்டி நன்றாகவே இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை, அதற்குள் மெல்லிய தாளில் சுற்றிய கல். உறையின் உட்பக்கம் முழுக்க மூச்சு விட்ட கண்ணாடி போல ஆவி படிந்திருந்தது. தாளைத் தொட்டால் ஈரம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுகூட இல்லை. இரண்டாயிரம் ரூபாய் செருப்புப் பெட்டிக்குள் போடும் பொட்டலம் அது. உறையைப் பிரித்ததும் கூமுட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் நாற்றம்; முப்பத்தோரு வருடம் பள்ளி ஆய்வகத்தில் அதோடு பழகியவன் நான். முகர்ந்த உடனேயே என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. கல்லைப் பார்க்கவே தயக்கமாக இருந்தது.

உங்கள் விற்பனைப் படத்தைக் கணினியில் பெரிதாக்கி, பக்கத்தில் கல்லை வைத்துப் பார்த்தேன். அதே துண்டுதான். ஓரத்தில் ஓடும் விரிசல், மூலையில் உள்ள உடைசல் எல்லாம் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் படத்தில் என்ஸ்டடைட் என்ற வெண்மையான கனிமத்துக்கு நடுவே முந்திரிப் பருப்பின் தோல் நிறத்தில் இரண்டு மணிகள் தெரிகின்றன. பெரியது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். "கண்ணுக்குத் தெரியும் ஓல்ட்ஹாமைட்" என்று நீங்களே அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மணிகளுக்காகத்தான் வாங்கினேன். கையில் வந்த கல்லில் பெரிய மணி இருந்த இடம் குழிந்து, உள்ளே சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளையாக இருக்கிறது. சின்ன மணியின் அடியில் மட்டும் பழுப்பு நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கல்லில் இருக்கும் இரும்புத் துணுக்குகளைச் சுற்றியும் புதுத் துரு வளையம். படத்தில் அந்தத் துரு இல்லை.

அப்புறம் தொலைபேசியில் பேசினேன். உங்கள் ஊழியர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்; அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "தண்ணி விட்டு அறுத்து, நல்லா பிரஷ் போட்டுக் கழுவித்தான் சார் அனுப்பினோம், அழுக்கே இருக்காது" என்றார். வேறு எந்தக் கல்லாக இருந்தாலும் அது நல்ல சேவைதான். இந்தக் கல்லுக்கு அதுதான் கேடு.

ஓல்ட்ஹாமைட் என்பது கால்சியம் சல்பைடு. பூமியில் கால்சியத்துக்குத் துணை பெரும்பாலும் ஆக்சிஜன்தான். சுண்ணாம்புக்கல், ஜிப்சம், பாறைகளில் உள்ள பெல்ஸ்பார் கனிமம் என்று பலவற்றில் கால்சியமும் ஆக்சிஜனும் சேர்ந்தே இருக்கும். ஆக்சிஜன் மிக மிகக் குறைவாக இருந்த இடத்தில் உருவான பாறையில்தான் கால்சியம் கந்தகத்தோடு சேரும். ஆப்ரைட், என்ஸ்டடைட் காண்டிரைட் என்ற இரண்டு வகை விண்கற்கள் அப்படிப்பட்டவை. புதன் கோளைச் சுற்றி 2011 முதல் 2015 வரை ஆராய்ந்த மெசஞ்சர் விண்கலம், அங்கே தரையில் கந்தகம் நிறைய இருப்பதையும், கந்தகம் கூடும் இடங்களில் கால்சியமும் கூடுவதையும் காட்டியது. அங்கும் இதே கனிமம் இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஒரு குண்டூசித் தலை அளவு மணிக்குள் இவ்வளவு செய்தி இருக்கிறது.

இந்தக் கனிமம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே இந்தியாவில் விழுந்த கல்லில்தான். 1852 டிசம்பர் 2ஆம் தேதி, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூருக்கு மேற்கே உள்ள பஸ்தி அருகே ஓர் ஆப்ரைட் விழுந்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கனிமங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த நெவில் ஸ்டோரி மாஸ்கெலின் அதை ஆராய்ந்து, 1862இல் இந்தக் கனிமத்தை அறிவித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்த தாமஸ் ஓல்ட்ஹாமின் பெயரை அதற்கு வைத்தார். உங்கள் விற்பனைப் பக்கத்திலேயே இந்தக் கதை பாதி இருக்கிறது. அதைப் படித்துத்தான் எனக்கு ஆசையே வந்தது. கதையைப் போடத் தெரிந்தவர்கள், அதன் குணத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா?

குணம் இதுதான். கால்சியம் சல்பைடு மேல் தண்ணீர் பட்டால், ஈரக்காற்று பட்டால்கூட, அது சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகவும் கால்சியம் ஹைட்ராக்சைடாகவும் பிரியும். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் வேறொன்றும் இல்லை, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. 450 கோடி ஆண்டுகள் விண்வெளியில் பத்திரமாக இருந்த ஒன்று, உங்கள் குழாயடியில் வெற்றிலைச் சுண்ணாம்பாகிப் போனது. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது.

இது என் ஊகம் மட்டும் அல்ல. கல்லை ஒரு சிறிய கண்ணாடிப் பெட்டியில் வைத்து, லெட் அசிடேட் கரைசலில் நனைத்த தாளை (ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுக்கும்) மூடியில் தொங்கவிட்டு இரவு மூடி வைத்தேன். காலையில் தாள் கரும்பழுப்பாக மாறியிருந்தது. குழியிலிருந்து ஊசிமுனையில் கொஞ்சம் பொடி எடுத்து, சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீனில் ஒரு சொட்டு எடுத்து அதில் போட்டேன். அடுத்த நொடியே நல்ல இளஞ்சிவப்பு. பதினொன்றாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய சோதனைகள்தான். அந்த லெட் அசிடேட் தாளை இணைத்திருக்கிறேன்.

"பஸ்தி கல்லிலேயே ஓல்ட்ஹாமைட் மணிகளின் மேல் கால்சியம் சல்பேட் படிவு இருந்ததே, அப்படியானால் இது இயற்கை மாற்றம்தானே" என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது உண்மை. ஆனால் அது மேலோட்டமான படிவு. உள்ளே மணி மணியாகவே இருந்ததால்தான் மாஸ்கெலினால் அதை ஆராய முடிந்தது. என் கல்லில் மணியே போய்விட்டது. அதுவும் நீங்கள் படம் எடுத்த நாளுக்கும் என் வீட்டுக்கு வந்த நாளுக்கும் இடைப்பட்ட மூன்று வாரத்தில். நார்ட்டன் கவுண்டி விண்கல் 1948 பிப்ரவரி 18ஆம் தேதி அமெரிக்காவில் கான்சாஸ், நெப்ராஸ்கா எல்லையில் விழுந்தது. அதன் பெரிய துண்டு, ஏறக்குறைய ஒரு டன், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. விழுந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் உங்கள் படத்தில் அந்த மணி பழுப்பாகவே தெரிகிறது. இத்தனை காலம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டதால்தான் அது அப்படி இருந்தது. அதைக் கெடுத்தது இயற்கை அல்ல.

இதை வாங்கியது என் வீட்டு அலமாரிக்காக அல்ல. நான் வேலை பார்த்த பள்ளியில் ஜனவரியில் அறிவியல் கண்காட்சி. பிள்ளைகளுக்கு ஒரு லென்சைக் கொடுத்து, "பூமியில் இப்படி ஒன்றைப் பார்ப்பது மிக அரிது, இது இந்தியாவில் விழுந்த கல்லில் முதலில் கண்டுபிடித்தது" என்று காட்ட நினைத்தேன். என் ஓய்வூதியத்தில் மாதாமாதம் எடுத்து வைத்த பணம் அது.

எனக்கு வேண்டியது இதுதான். ரூ. 24,000-ஐயும் தபால் செலவு ரூ. 350-ஐயும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். கல்லை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி பெறக் கூப்பன் தருவதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள், அது வேண்டாம்.

பணத்தைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அதே கல்லிலிருந்து அறுத்த இன்னும் நான்கு துண்டுகள் உங்கள் விற்பனைப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை இன்றே எடுத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் தூய ஆல்கஹாலில் அலசி உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் கிட்டவே போகக்கூடாது. இனி இந்த வகைக் கல்லை அறுப்பதாக இருந்தால் தண்ணீர் இல்லாமல் அறுக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குப் பதில் ஆல்கஹால் விட்டு அறுக்கலாம். ஏற்கெனவே கழுவிய துண்டுகளில் மணி அழிந்திருந்தால், பழைய படத்தை எடுத்துவிட்டு இப்போதைய நிலையைப் படம் பிடித்துப் போடுங்கள். அடுத்து வாங்குபவருக்கும் எனக்கு நேர்ந்தது நேரக்கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். அந்தச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம் என்பதால் எனக்கு அலைச்சல் இல்லை. ஆனாலும் அதுவரை போகாமல் நீங்களே சரி செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், விற்பனைப் பக்கத்தின் படம், பொதி பிரித்த அன்று எடுத்த ஆறு படங்கள், லெட் அசிடேட் தாள் (சிறு உறையில்), இரண்டு மின்னஞ்சல்களின் நகல்.