குடோனுக்கு ஒரு பக்கம், அக்கவுண்ட்ஸுக்கு ஒரு பக்கம்

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. கம்பெனியின் விற்பனை, சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருள் ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. விற்பனை, குடோன், கொள்முதல், அக்கவுண்ட்ஸ் என்று நாலு டீமுக்கும் தனித்தனி ஒர்க்ஸ்பேஸ் (அதாவது முகப்புப் பக்கம்) கட்டப் போகிறாய், அவரவருக்கு வேண்டாத மெனுவை மறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. ஒர்க்ஸ்பேஸிலிருந்து ஒரு லிங்கை எடுத்துவிட்டாலும், மேலே இருக்கும் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் அந்தப் படிவம் திறந்துகொள்ளும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இன்னொரு மென்பொருளிலும் அப்படித்தான், பேஜ் லேஅவுட்டிலிருந்து ஒரு ஃபீல்டை (படிவத்தின் ஒரு கட்டத்தை) தூக்கினாலும், ஃபீல்டு அளவில் அனுமதியை எடுக்காதவரை ரிப்போர்ட்டில் அது வந்து நிற்கும். ஆகவே முதலில் அனுமதி, முகப்பு அப்புறம்.

ஆளுக்கு ஆள் ரோலை (எதையெல்லாம் செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பை) டிக் செய்து கொண்டிருக்காதே. டீமுக்கு வேண்டிய ரோல்களைச் சேர்த்து ஒரு ரோல் புரொஃபைல், எந்தெந்தப் பிரிவுகள் தெரியலாம் என்பதற்கு ஒரு மாட்யூல் புரொஃபைல் உண்டாக்கி, அதையே பயனருக்குக் கொடு. ரோலின் அனுமதிகளை மாற்றும் திரையான ரோல் பெர்மிஷன் மேனேஜரில் கை வைக்கும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு டாக்டைப்பில் (சேல்ஸ் ஆர்டர், சப்ளையர் போன்ற ஓர் ஆவண வகையில்) ஒரே ஒரு விதியை மாற்றினாலும், அதன் அனுமதி விதிகள் மொத்தமும் உன் தளத்துக்கென்று நகலாகிவிடும். பிற்பாடு அப்டேட்டில் அந்த டாக்டைப்பின் விதிகள் திருத்தப்பட்டு வந்தாலும் உன்னிடம் வந்து சேராது. தேவையானதை மட்டும் தொடு, தொட்டதை எழுதி வை.

குடோன் ஆட்களுக்கு விலை தெரியக் கூடாது என்றாய். அதற்கு ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தரும் அனுமதி எண்ணான பெர்ம் லெவல் இருக்கிறது, 0 முதல் 9 வரை. சரக்கு அனுப்பும்போது போடும் டெலிவரி நோட்டின் ஐட்டம் அட்டவணையில் ரேட் ஃபீல்டுக்கு 1 கொடுத்து, விற்பனைக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் மட்டும் லெவல் 1 அனுமதி தரலாம். விதி போட வேண்டிய இடம் ஐட்டம் அட்டவணை அல்ல, டெலிவரி நோட். விலை ஒரே ஃபீல்டிலும் இல்லை: தொகை, நிகர விலை, கம்பெனி நாணயத்தில் விலை, கீழே மொத்தம் என்று பரவிக் கிடக்கும். ஒன்றை விட்டாலும் வகுத்துப் பார்த்து விலையைச் சொல்லிவிடுவார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எழுதும் அனுமதி இல்லாத ஃபீல்டில் மதிப்பு வந்தால், சேமிக்கும்போது சிஸ்டம் அதை ஏற்காது. ஏற்கெனவே இருக்கும் ஆவணமென்றால் பழைய மதிப்பு அப்படியே நிற்கும். புது ஆவணமென்றால் அந்த ஃபீல்டின் இயல்பு மதிப்புக்குப் போய்விடும். சேல்ஸ் ஆர்டரிலிருந்து டெலிவரி நோட்டைக் குடோன் ஆளே உருவாக்கினால், பேசிய விலை தொலைந்து போகும் ஆபத்து அங்கேதான். விற்பனை டீம் டிராஃப்ட் போட்டுக் கொடுத்து, குடோன் எண்ணிக்கையைச் சரிபார்த்து சப்மிட் செய்வதே (முடிவாகப் பதிவதே) பத்திரம்.

இவ்வளவும் செய்துவிட்டு ரிப்போர்ட்டை மறந்தால் பாடெல்லாம் வீண். ஸ்டாக் லெட்ஜர், ஸ்டாக் பேலன்ஸ் இரண்டும் சரக்கின் மதிப்பை வரிக்கு வரி காட்டும். பெர்ம் லெவலை அவை பார்ப்பதில்லை. பக்கத்துக்கும் ரிப்போர்ட்டுக்கும் ரோல் அனுமதி கொடுக்கத் தனித் திரை உண்டு. அங்கே போய்க் குடோன் ரோலை எடுத்துவிட்டு, அளவை மட்டும் காட்டும் ரிப்போர்ட் ஒன்றைச் செய்து கொடு.

இரண்டு குடோன் இருப்பதால், யாருக்கு எந்தக் குடோன் என்று கட்டுப்படுத்தும் யூசர் பெர்மிஷன் போடப் போகிறாய் இல்லையா, அங்கேயும் நிதானம் வேண்டும். ஒருவருக்கு முதல் குடோனை மட்டும் அனுமதித்தால், வேர்ஹவுஸ் (குடோன்) ஃபீல்டு இருக்கிற எல்லா ஆவணங்களிலும் அந்தக் கட்டு விழும். முதல் குடோனிலிருந்து இரண்டாவதுக்குச் சரக்கு மாற்றும் ஸ்டாக் என்ட்ரியில், போய்ச்சேரும் குடோன் அவருக்கு அனுமதி இல்லாதது. என்ட்ரியே போட முடியாமல் தவிப்பார். இன்னொரு குழப்பமும் வரும்: பட்டியலைச் சலிப்பது தலைப்பில் உள்ள ஃபீல்டுகளை வைத்து, ஆவணத்தைத் திறக்கும்போதோ உள்வரிசைகளும் சோதிக்கப்படும். பட்டியலில் தெரிகிறது, தட்டினால் அனுமதி இல்லை என்கிறது என்று புகார் வந்தால் காரணம் இதுதான். போய்ச்சேரும் குடோன் ஃபீல்டில் 'இக்னோர் யூசர் பெர்மிஷன்ஸ்' டிக் செய், அந்த ஃபீல்டில் மட்டும் கட்டு விழாது. தலைப்பிலும் செய், ஐட்டம் வரிசையிலும் செய்; இரண்டும் வெவ்வேறு டாக்டைப் என்பதால், படிவத்தை மாற்றியமைக்கும் திரையான கஸ்டமைஸ் ஃபார்மில் தனித்தனியாகத் திறக்க வேண்டும்.

இனி முகப்பு. நீ அனுப்பிய படத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பெரிய சார்ட், கீழே முப்பது லிங்க். அதைத் தலைகீழாக்கச் சொல்வேன். காலையில் உட்காருகிறவருக்கு வேண்டியது அவர் கைக்காகக் காத்திருக்கும் வேலை. போன ஆறு மாத விற்பனை வளைவு குடோன்காரருக்கு எதற்கு? மேலே ஓர் எண்ணிக்கையை மட்டும் காட்டும் நம்பர் கார்டு மூன்று, அடுத்து ஐந்தாறு ஷார்ட்கட், பிறகு அடிக்கடி திறக்கும் ரிப்போர்ட். எதை வைப்பது என்று கூட்டம் போட்டுக் கேட்காதே. கேட்டால் எல்லாம் வேண்டும் என்பார்கள். ஒரு சாதாரண நாள், ஒரு மாதக் கடைசி நாள், இரண்டிலும் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்ன திறக்கிறார்கள் என்று குறித்துக்கொள். ரூட் ஹிஸ்டரியிலும் யார் எந்தப் பக்கத்துக்குப் போனார் என்பது பதிவாகியிருக்கும்.

குடோன் பக்கத்தின் முதல் கார்டையே எடுத்துக்கொள்: இன்றைக்குள் அனுப்ப வேண்டிய ஆர்டர்கள். எல்லோரும் நிலை 'டு டெலிவர்' என்று ஃபில்டர் போடுவார்கள். எண்ணிக்கை குறைவாக வரும். பில் போட்டு சரக்கு மட்டும் பாக்கி இருக்கும் ஆர்டர்தான் 'டு டெலிவர்'. பில்லும் போடாதது 'டு டெலிவர் அண்ட் பில்' என்று இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். டெலிவரி சதவீதம் 100க்குக் கீழே என்று கேட்டால் குளோஸ் செய்த ஆர்டரும் நிறுத்தி வைத்த ஆர்டரும் வந்து கலக்கும். அடுத்தது தேதி. இன்றைய தேதியைக் கையால் எழுதிவிட்டால் நாளைக்கே அது பழசு. 'டுடே' என்ற டைம்ஸ்பேன் (கால அளவு) வைத்தால் நேற்றுத் தவறிப்போனவை கண்ணில் படாமல் போகும், அனுப்பியே தீர வேண்டியவை அவைதானே! நம்பர் கார்டில், தேதி தானே மாறிக்கொள்ளும் டைனமிக் ஃபில்டரில், டெலிவரி தேதி இன்றைக்குச் சமம் அல்லது அதற்கு முன் என்று வை. ஒவ்வொரு கார்டும் பக்கம் திறக்கும்போது ஒரு கேள்வியாக டேட்டாபேஸுக்குப் போகும் என்பதையும் நினைவில் வை. பத்துப் பதினைந்து அடுக்கினால் பக்கம் தவழும்.

ஒர்க்ஸ்பேஸ் டீமுக்கு டீம் மாறலாம், ஆனால் கஸ்டமைஸ் ஃபார்மில் செய்வது தளம் முழுவதற்கும் பொது. கொள்முதல் டீம் கேட்டதென்று சப்ளையர் படிவத்தில் ஒரு ஃபீல்டைக் கட்டாயமாக்கினால், அக்கவுண்ட்ஸ்காரர் அவசரமாக ஒரு சப்ளையரைச் சேர்க்கும்போதும் அது வழிமறிக்கும். சப்ளையர் பட்டியலை மொத்தமாக ஏற்றும் ஃபைலும் அங்கேயே நிற்கும். நிபந்தனையோடு கட்டாயமாக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்து.

மென்பொருளோடு கூடவே வரும் ஒர்க்ஸ்பேஸ்களைத் திருத்தாதே. அப்டேட்டுக்குப் பின், தளத்தைப் புதுப்பிக்கும் மைக்ரேட் ஓடும்போது உன் திருத்தம் அழிய வாய்ப்புண்டு. நகலெடுத்து வேறு பெயர் வைத்து, ரோல் பட்டியலில் அந்த டீமின் ரோலை மட்டும் சேர். பொதுப் பக்கங்களைத் திருத்தவிடும் ஒர்க்ஸ்பேஸ் மேனேஜர் ரோல் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தனக்கென்று பக்கம் செய்துகொள்கிறவர்கள் செய்துகொள்ளட்டும்; பொதுப் பக்கத்தில் நீ பின்னால் செய்யும் மாற்றம் அதில் வராது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

சோதிக்கும்போது அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து பார்த்துத் திருப்திப்படாதே, அந்தக் கணக்குக்கு எந்தப் பூட்டும் கிடையாது. டீமுக்கு ஒரு டெஸ்ட் பயனர் வைத்து, ஒரு ஆர்டரை விற்பனையில் தொடங்கி பணம் வரவு வைக்கும் வரை ஆள் மாற்றி ஆள் ஓட்டிப் பார். எங்கே சிக்குகிறதோ அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பு. குடோனின் யூசர் பெர்மிஷன் பட்டியலையும் சேர்த்து அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்