மாவு ஆலையிலிருந்து நடனக்கூடத்துக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் நலம். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்துக்கு மாற்றலாகிப் போகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து உன்னிடம் ஒன்று சொல்ல நினைத்திருக்கிறேன். தொலைபேசியில் தொடங்கினால் பாதியில் வேறு பேச்சு வந்து புகுந்துவிடுகிறது. மாட்டுச் சந்தையும் விமானத் தொழிற்சாலையும் தவிர அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டாய் அல்லவா? நீ சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போட்டுக் கேட்ட இசைத்தட்டுகள் உனக்கு நினைவிருக்கும். ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்ற அந்த இசை உருவானது பெரும்பாலும் நீ இப்போது குடியிருக்கும் ஊரில்தான்.

பெயரைக் கேட்டவுடன் குதிரையும் தொப்பியும் கண்முன் வந்து நிற்பது இயல்பு. ஆனால் அந்த இசையின் வேர்களில் பருத்திக் காட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. ஜெர்மானியரும் செக் நாட்டினரும் டெக்சாஸில் குடியேறியபோது போல்கா, வால்ட்ஸ் ஆகிய நடன மெட்டுகளைக் கொண்டுவந்தனர். மெக்சிகோ மக்களின் பாட்டு அந்த மண்ணில் முன்பிருந்தே ஒலித்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களிடம் ப்ளூஸ் என்ற துயரப் பாட்டு இருந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வழி வந்தவர்களிடம் ஃபிடில் மெட்டுகள் இருந்தன. இரவு நடனம் என்றால் பண்ணை வீட்டில் மேசை நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரு ஃபிடிலும் ஒரு கிதாரும் போதும், விடியும்வரை ஆடுவார்கள். ஃபிடில் என்பது நம் வயலின்தான். பிடிக்கும் முறையும் வில்லை இழுக்கும் முறையும்தான் வேறு.

இந்த இசைக்குப் பேர்போன பாப் வில்ஸ் அப்படிப்பட்ட ஒரு ஃபிடில் குடும்பத்தில், 1905ஆம் ஆண்டு கோசி என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தவர். 1913இல் குடும்பம் டெக்சாஸின் வடமேற்கே டர்க்கி என்ற ஊர்ப்பக்கம் பெயர்ந்தது. தந்தையோடு ஊர் ஊராகப் பருத்தி எடுக்கச் சென்ற சிறுவன், அதே காட்டில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளரிடமிருந்து ப்ளூஸைக் காதால் கற்றுக்கொண்டான். புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தைக் கேட்பதற்காகக் குதிரையில் வெகுதூரம் சென்றதாக அவரே பிற்காலத்தில் பெருமையோடு சொல்லியிருக்கிறார். முடிதிருத்தும் தொழிலும் கற்ற அவர், 1929இல் ஃபோர்ட் வொர்த்துக்கு வந்து, மருந்து விற்பவர்கள் கூட்டம் சேர்க்க நடத்தும் மேடை நிகழ்ச்சி ஒன்றில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் போல நடித்துப் பிழைத்தார். யாரிடம் இசையைக் கற்றாரோ அவர்களையே கேலிப்பொருளாக்கும் மேடை அது. அந்தக் காலத்தில் அது சாதாரணம் என்பார்கள். இருந்தாலும் எனக்கு அது நெருடாமல் இல்லை.

அங்கே அவர் ஹெர்மன் ஆர்ன்ஸ்பைகர் என்ற கிதார் கலைஞரோடு சேர்ந்தார். 1930இல் மில்டன் பிரௌன் என்ற பாடகர் வந்து இணைந்தார். 1931இல் பர்ரஸ் மாவு ஆலை அவர்களுடைய வானொலி நிகழ்ச்சியை ஏற்று நடத்தியது. ஆலையின் கோதுமை மாவுக்குப் பெயர் ‘லைட் கிரஸ்ட்’. ஆகவே குழுவின் பெயர் ‘லைட் கிரஸ்ட் டோபாய்ஸ்’. ஆலை மேலாளர் டபிள்யூ. லீ ஓ'டேனியலுக்கு இந்த நாட்டுப்புறப் பாட்டு முதலில் சற்றும் பிடிக்கவில்லை. நிகழ்ச்சியை நிறுத்தியும் விட்டார். நேயர்கள் விடவில்லை. மீண்டும் தொடங்கியபோது, பாடுவதோடு ஆலையிலும் வேலை பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். மாவு விற்கத் தொடங்கியதும் அவருடைய ரசனையே மாறிவிட்டது. தாமே அறிவிப்பாளராகி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். அந்த வானொலிப் புகழையே ஏணியாக வைத்து 1938இல் டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் வென்றார். 1941இல் செனட் தேர்தலில் பின்னாளில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சனையே தோற்கடித்தார்! நடிகர்கள் அரசியலுக்கு வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, மாவு விற்றவர் வந்தது மட்டும் ஏன் வியப்பாக இருக்க வேண்டும்?

என் கணக்கில் இந்த வரலாற்றின் திருப்பம் 1932இல் நிகழ்ந்தது. ஓ'டேனியல், தம் குழு நடனக்கூடங்களில் வாசிக்கக் கூடாது என்று தடுத்தார். மில்டன் பிரௌன் வேலையை உதறினார். ஊருக்கு வெளியே இருந்த கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் நடனக்கூடத்தில் ‘மியூசிக்கல் பிரௌனீஸ்’ என்ற தம் சொந்தக் குழுவை அமைத்தார். பாப் வில்ஸின் பெயர்தான் எங்கும் பேசப்படுகிறது. ஆனால் இந்த இசைக்கு முதன்முதலில் முழு உருவம் கொடுத்தவர் பிரௌன் என்றே நான் கருதுகிறேன். வானொலியில் பாடுபவனுக்கு நேயர் எழுந்து போனது தெரியாது. நடனக்கூடத்தில், தாளம் தளர்ந்தால் ஆடுபவர்கள் உடனே விலகி ஓரத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தைத் தளத்திலேயே நிறுத்தி வைப்பதற்காகத்தான் பிரௌன் பியானோவைச் சேர்த்தார். பான்ஜோவையும், ‘பாஸ்’ என்ற தாழ்ந்த சுருதி நரம்புக் கருவியையும் தாளத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார். ஜாஸ் குழுக்களைப் போல ஒவ்வொரு கலைஞரும் முறை வைத்துத் தம் கற்பனையில் வாசிக்க இடம் விட்டார். மேற்கத்தியச் செவ்வியல் முறையில் பயின்ற செசில் பிரௌவர் அவரிடம் ஃபிடில் வாசித்தார். உன் அம்மா, தானும் வயலின் பிடித்தவள் என்ற உரிமையில், அந்த மனிதரின் வில் பிடித்த கை பொய் சொல்லாது என்பாள்.

அடுத்த சிக்கல் ஓசை. நூற்றுக்கணக்கானோர் காலடிச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் நடுவே கிதாரின் ஒலி எடுபடாது. ஹவாய்த் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்கு வந்திருந்த ஸ்டீல் கிதாரை மடிமீது கிடத்தி, இரும்புத் துண்டால் நரம்பின் மேல் வழுக்கி வாசித்தவர் பாப் டன். 1934இன் இறுதியில் பிரௌன் குழுவில் சேர்ந்த அவர், கிதாரில் மின்கருவி பொருத்தி ஒலிபெருக்கியோடு இணைத்தார். 1935 ஜனவரியில் சிகாகோவில் டெக்கா நிறுவனத்துக்காக அவர்கள் பதிவு செய்த இசைத்தட்டுகளே, அமெரிக்க நாட்டுப்புற இசையில் மின்சாரக் கிதார் ஒலித்த முதல் பதிவுகளாகக் கருதப்படுகின்றன. டன் டிராம்போனும் வாசித்தவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய கிதார் ஹவாய் அலைபோலக் குழையாமல் ஊதுகருவியைப் போல வெட்டி வெட்டிப் பேசும். ‘டேக்கிங் ஆஃப்’ என்ற அவருடைய பதிவை ஒருமுறை கேள், நான் சொல்வது புரியும்.

1936 ஏப்ரலில், ஃபோர்ட் வொர்த்தின் ஜாக்ஸ்பரோ நெடுஞ்சாலையில் நேர்ந்த கார் விபத்தில் காயமடைந்து, சில நாட்களில் பிரௌன் இறந்தார். வயது 32. நான்காண்டுகூட நிறையாத அந்தக் குழு விட்டுச்சென்ற பதிவுகள் ஏறக்குறைய நூறு.

வில்ஸ் அதற்குள் 1933இல் ஆலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். வேகோ நகரில் ‘பிளேபாய்ஸ்’ குழுவைத் தொடங்கிய அவரை ஓ'டேனியல் வழக்குத் தொடுத்துத் துரத்தினார், வழக்கில் தோற்றார். 1934இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகருக்குப் போய்ச் சேர்ந்த வில்ஸ், கேவிஓஓ வானொலியிலும் கெய்ன்ஸ் நடனக்கூடத்திலும் வேரூன்றினார். அங்கும் ஒரு மாவு நிறுவனம்தான் கைகொடுத்தது: ‘பிளே பாய்’ என்ற பெயரிலேயே மாவு விற்பனைக்கு வந்தது! பிரௌன் ஃபிடிலையும் நரம்புக் கருவிகளையும் வைத்துச் செய்ததை, வில்ஸ் சாக்சஃபோனும் டிரம்பெட்டும் டிரம்ஸும் சேர்த்துப் பெருக்கினார். 1935இல் டல்லஸில் நடந்த முதல் பதிவின்போது, தயாரிப்பாளர் ஆர்ட் சாதர்லி அந்த ஊதுகருவிகளையும், பாட்டின் நடுவே வில்ஸ் ‘ஆ…ஹா’ என்று கூவுவதையும் விரும்பவில்லை. கூவக் கூடாது என்றால் குழுவோடு ஊருக்குத் திரும்பிவிடுவதாக வில்ஸ் சொல்ல, சாதர்லி இறங்கிவந்தார் என்பது இசை ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் கதை. பாடகர் டாமி டங்கன், ஸ்டீல் கிதார் வாசித்த லியான் மெக்காலிஃப், கிதார் கலைஞர் எல்டன் ஷாம்ப்ளின் ஆகியோர் சேர்ந்த அந்தக் குழு, 1938இல் வாத்திய இசையாகப் பதிவு செய்த ‘சான் அன்டோனியோ ரோஸ்’ மெட்டுக்கு 1940இல் சொற்களும் சேர்த்தபோது நாடு முழுவதும் அறிமுகமானது. நாடறிந்த பாடகர் பிங் கிராஸ்பியும் அதைப் பாடினார்.

ஒன்றை நீ மறக்காமல் அறிந்துகொள்ள வேண்டும். வில்ஸும் பிரௌனும் 1932இல் சேர்ந்து பதிவு செய்த முதல் இசைத்தட்டின் இரண்டு பாட்டுகளில் ஒன்று, கறுப்பினக் கலைஞர்களின் குழு ஒன்று ஏற்கெனவே பதிவு செய்தது. பிறகு இருவருமே தனித்தனியாகப் பாடிய ‘சிட்டிங் ஆன் டாப் ஆஃப் தி வேர்ல்ட்’, ஃபிடிலும் கிதாரும் கொண்ட ‘மிசிசிப்பி ஷீக்ஸ்’ என்ற கறுப்பினக் குழு 1930இல் பதிவு செய்தது. பாட்டு நடனக்கூடத்துக்குள் போனது. பாட்டைக் கொடுத்தவர்கள், இனப்பிரிவினை நிலவிய அந்நாளில், நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போக முடியவில்லை. வெஸ்டர்ன் ஸ்விங்கை வெள்ளையரின் ஜாஸ் என்று மெச்சுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், புழுதிப் புயலாலும் வறட்சியாலும் முன்பே பெயர்ந்தவர்களோடு, தொழிற்சாலை வேலைக்காகப் பெயர்ந்தவர்களும் கலிபோர்னியாவில் நிறைந்தபோது இசையும் அங்கே போனது. வில்ஸும் போனார். அங்கே ஸ்பேட் கூலி என்ற கலைஞரின் குழுவை விளம்பரப்படுத்தியபோதுதான் ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்ற பெயரும் பரவலாக நிலைத்தது. லியோ ஃபெண்டர் தாம் செய்த மின்சாரக் கிதார்களை இந்தக் குழுக்களின் கலைஞர்களிடம் கொடுத்துத்தான் குறைநிறை கேட்டுத் திருத்தினார்.

1944இல் நடனக் கேளிக்கையிடங்கள் மீது விதிக்கப்பட்ட வரியும், பெரிய குழுவுக்குச் சம்பளம் கொடுக்கும் செலவும், பின்னர் தொலைக்காட்சியும் கூடி, 1950களில் கூடங்களைக் காலியாக்கின. அந்தப் பத்தாண்டில்தான் ராக் அண்ட் ரோல் எழுந்தது. அதன் முன்னோடி பில் ஹேலி முதலில் நடத்தியது ஒரு வெஸ்டர்ன் ஸ்விங் குழு. சக் பெர்ரி என்ற கறுப்பினக் கலைஞர் 1955இல் ‘மேபலீன்’ பாட்டை உருவாக்கியபோது, வில்ஸ் 1938இல் பதிவு செய்த ‘ஐடா ரெட்’ என்ற பழைய ஃபிடில் மெட்டையே அடிப்படையாகக் கொண்டார். கொடுத்தவர்கள் கைக்கே கொஞ்சம் திரும்பி வந்தது என்று எண்ணி நான் மகிழ்வதுண்டு.

1969இல் பக்கவாதத்தால் முடங்கிய வில்ஸ், 1973 டிசம்பரில் பழைய தோழர்களைக் கூட்டி ஒரு பதிவைத் தொடங்கினார். முதல் நாள் முடிந்த பிறகு மீண்டும் நோய் தாக்க, அவர் இல்லாமலேயே மற்றவர்கள் அதை முடித்தார்கள். 1975 மே மாதம் காலமானார். 2011இல் டெக்சாஸ் சட்டமன்றம் வெஸ்டர்ன் ஸ்விங்கை மாநிலத்தின் அதிகாரபூர்வ இசையாக அறிவித்தது.

கெய்ன்ஸ் நடனக்கூடம் டல்சாவில் இன்றும் இயங்குகிறது. உன் ஊரிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏப்ரல் மாதத்தில் டர்க்கி ஊரில் வில்ஸ் பெயரால் விழாவும் நடக்கும். அது வடமேற்கே வெகுதூரம், தனியாகப் போகாதே, தோழிகளை அழைத்துக்கொண்டு போ. முதலில் பிரௌனைக் கேட்டுவிட்டு, பிறகு வில்ஸைக் கேள். எது உன் காலைத் தாளம் போட வைத்தது என்று எழுது. நானும் அம்மாவும் இதில் இன்னும் உடன்படவில்லை.

அன்புடன்,
அப்பா