செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது பொருளாதார வாசிப்பு வட்டத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூக மன்ற அறையில் நடந்தன. பொங்கல் ஒன்றுகூடலும் தீபாவளி விருந்தும் நடந்தன. சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டியதை உரிய நேரத்தில் அனுப்பிவிட்டோம்.

ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஆஸ்திரேலியா, வியட்நாம் இரண்டின் மரச்சில்லு (காகிதக் கூழுக்காக நறுக்கிய மரத்துண்டு) ஏற்றுமதி வருமானத்தை ஒப்பிட்ட வேலை. முன்மொழிந்தவன் நான். "காகித ஆலைக்குப் போகும் சில்லு நமக்கு எதற்கு?" என்று செயலவையிலேயே கேட்டார்கள். நிலம், வரி, நாணயம் மூன்றும் ஒரே சரக்கில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அபூர்வம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வேலை எளிதாக இல்லை. ஆஸ்திரேலியக் கணக்கு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது, வியட்நாமுடையது ஜனவரியிலிருந்து. ஒன்று ஆஸ்திரேலிய டாலரில், மற்றது அமெரிக்க டாலரில். எடையிலும் ஈரச் சில்லு, உலர் சில்லு என்று வேறுபாடு. 2011இல் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே தாண்டி நின்றது. அதனால் 2008க்குப் பிந்தைய சரிவு சொந்த நாணயத்தில் செங்குத்தாகவும், அமெரிக்க டாலரில் சற்றுச் சாய்வாகவும் தெரிகிறது. நாணயத்தை மாற்றாமல் வரைபடத்தில் கோடு போட்டிருந்தால் முடிவே தப்பாகியிருக்கும்.

1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஈடன், டிராயபன்னா ஆகிய ஊர்களின் ஆலைகளிலிருந்து ஜப்பானுக்குச் சில்லு போகத் தொடங்கியது. பின்னர் வரிச்சலுகைக்காகப் பணம் போட்டவர்களை நம்பித் தைலமரத் தோட்டங்கள் பெருகின. 2009இல் அப்படித் தோட்டம் போட்ட டிம்பர்கார்ப், கிரேட் சதர்ன் நிறுவனங்கள் இரண்டும் விழுந்தன. 2011இல் டிராயபன்னா ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டு ஆழிப்பேரலை ஜப்பானியக் காகித ஆலைகளையும் தாக்கியது. அந்தச் சமயத்தில்தான் வியட்நாம் முந்தியது. அங்கே சிறு விவசாயிகள் வேலமர இனமான அக்கேசியாவை ஐந்தாறு ஆண்டுகளிலேயே வெட்டி விற்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகள் விட்டால் மரச்சாமான்களுக்கு ஏற்ற பெரிய மரமாகும், ஆனால் அதுவரை குடும்பம் காத்திருக்க வேண்டுமே! அவசர வெட்டைக் குறைக்க அரசு 2016இல் சில்லுக்கு 2% ஏற்றுமதி வரி போட்டது. வருமானம் 2022இல் சுமார் 2.8 பில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏறி, அடுத்த ஆண்டே 2.2 பில்லியன் அளவுக்கு இறங்கியது. இரு நாடுகளுக்கும் பெரிய வாடிக்கையாளர் இப்போது சீனா என்பதால், அங்கே காகிதச் சந்தை தளர்ந்தால் இங்கே இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஆடுகின்றன.

கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்த நம் உறுப்பினர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பையில் அக்கேசியாச் சில்லுகளைக் கொண்டுவந்தார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை, ஓரத்தில் கொஞ்சம் பட்டை ஒட்டியிருந்தது. கையில் எடுத்து முகர்ந்து பார்க்க அன்று வந்திருந்தவர்கள் நான்கே பேர். விருந்துக்கு அறை நிரம்பியிருந்ததை நானும் பார்த்தேன். உழைத்துத் தயாரித்த ஒன்றைக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் வாசிப்பது வருத்தம்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது. விவரத்தைப் பொருளாளர் தருவார். சந்தா கட்டாதவர்கள் பாதிக்கு மேல், சிலர் இரண்டாண்டு பாக்கி. அறை வாடகை ஏறிவிட்டது. அச்சுச் செலவை இரண்டு மூன்று பேரே தாங்கினோம்.

தலைவருக்கும், அறை ஒதுக்கித் தந்த சமூக மன்றத்தினருக்கும், பசியாற ஏற்பாடு செய்த சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தாய்லாந்தையும் சிலியையும் சேர்த்துக்கொள்ள எண்ணம். கணினியில் வரைபடம் போடத் தெரிந்த இளையர் ஒருவர் வேண்டும். ஆள் வராமல் போனால் இந்தப் பணியை இத்துடன் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. செயலாளர் பொறுப்புக்கும் வேறொருவரைப் பார்த்துக்கொள்ளலாம். சந்தா 24 வெள்ளிதான். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே இருப்பார், பேநவ் மின்பரிமாற்றம் மூலமாகவும் அனுப்பலாம்.

இவண்,
செயலாளர்